சொல்யூஷன் தலைவலி

விபத்து நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலே கால் மணிக்கு. அணைக்கட்டில் என் பெரியம்மா மகன் கட்டிய வீட்டின் புதுமனை புகுவிழாவுக்குப் போய்விட்டு நானும் மனைவியும் ஆம்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒடுகத்தூர் வழியாக வந்து, மாதனூரில் நெடுஞ்சாலையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், வலது பக்கச் சந்திலிருந்து ஒரு பைக் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். பைக் போய்விட்டது. பின்னால் வந்த சின்ன லாரி எங்கள் காரை இடித்தது.

மனைவி அந்த நேரம் பார்த்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பின் இருக்கையில் உருண்டுகொண்டிருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்க முழு உடம்பையும் திருப்பியிருந்தாள். இடித்த வேகத்தில் அவள் தலையின் வலப்பக்கம் கதவை ஒட்டிய கம்பத்தில் மோதியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. பின்னால் தகரம் நசுங்கிய பெரிய சத்தத்துக்குள் அது அடங்கிப்போனதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

லாரி ஓட்டுநர் ஓடி வந்தார். அவர் முதலில் கேட்டது இதுதான்: "ரத்தம் எதனா வருதா பாருங்க சார்."

மனைவி முடிக்குள் விரல்களை விட்டுத் தடவி, உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். "ஒண்ணும் இல்ல, பாருங்க."

உள்ளங்கை சுத்தமாக இருந்தது. ஓட்டுநர் பார்த்தார், டீக்கடையிலிருந்து தண்ணீர் கொண்டு வந்த பெண் பார்த்தாள், நான் பார்த்தேன். கூடியிருந்த ஏழெட்டுப் பேரும் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். யாரோ ஒருவர், "காருக்குப் போச்சு, உங்களுக்கு வரல. எலுமிச்சம்பழம் சுத்திப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கைப்பேசியை எடுத்து காரின் பின்பக்கத்தைப் பதினொரு படங்கள் பிடித்தேன். நசுங்கிய பம்பர், உடைந்த விளக்கு, லாரியின் நம்பர் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. மனைவி ஒரு படத்தில் மட்டும் இருக்கிறாள். அதுவும் ஓரத்தில், புடவைத் தலைப்பு மட்டும்.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். இருபது வருடங்களாகத் தினமும் நாலு வரி எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. பாலாற்றில் தண்ணீர் வந்த நாள், பேருந்து நிறுத்தம் இடம் மாறிய நாள், எங்கள் தெருவில் எந்த வீடு எப்போது இடிபட்டது என்பது மாதிரியான விஷயங்கள். விபத்தும் அதில் ஏறியது. பின்னாலிருந்து இடிபட்டவர்களுக்குக் கழுத்து வலி சில நாள் கழித்துத்தான் வரும் என்று எப்போதோ படித்திருந்தேன். ஆகவே மறுநாளிலிருந்து காலையில் எழுந்ததும் கேட்க ஆரம்பித்தேன்.

"கழுத்து வலிக்குதா?"

"இல்ல."

"திருப்பிப் பாரு. இந்தப் பக்கம்."

நாலாம் நாள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தெனம் வந்து கேக்கறீங்களே, வலிக்கலன்னா உங்களுக்கு வருத்தமா கீதா?"

எட்டாம் நாள் சிரிப்பு போய்விட்டது. "கழுத்த வுடுங்க. பம்பருக்கு இன்னா ஆச்சுன்னு போய் மெக்கானிக்க கேளுங்க."

ஆனாலும் விடாமல் கேட்டேன். பதினான்கு நாளும் "கழுத்து: வலி இல்லை" என்று எழுதினேன். பதினான்காம் நாள், அதுவும் ஞாயிறு, "கழுத்து நலம்" என்று எழுதி, கீழே கோடு போட்டு முடித்தேன். தலையைப் பற்றி அந்தப் பதினான்கு நாளில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பதினேழாம் நாள், புதன்கிழமை, வேலையிலிருந்து வந்தவள் கைப்பையை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"தல வலிக்குது. சொல்யூஷன்."

இதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் தொழிற்சாலைகளில், தையலுக்கு முன்னால் தோல் துண்டுகளைப் பசை தடவி ஒட்டுவார்கள். அந்தப் பசைக்குத்தான் சொல்யூஷன் என்று பெயர். அதன் நெடி மூக்கில் ஏறி நெற்றியில் போய் நிற்கும். மனைவி செக்கிங் மேசையில் பதினெட்டு வருடமாக இருக்கிறாள். தைத்து வருகிற ஜோடியை இரண்டு கையிலும் எடுத்து, தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சின்ன அம்புக்குறி ஒட்டி ஒதுக்க வேண்டும். பசை ஒட்டும் மேசை அவளுக்கு நாலடி தள்ளி. ஆகவே தலைவலி அவளுக்குப் புதிதில்லை. தைலம் தேய்ப்பாள், டீ குடிப்பாள், போய்விடும்.

அந்த வாரம் இன்னொன்றும் நடந்திருந்தது. திங்கட்கிழமை புது டிரம்மில் சொல்யூஷன் வந்திறங்கியிருந்தது. நெடி ஜாஸ்தி. அவள் லைனில் வேறு ஆறு பெண்களுக்கும் தலைவலி. எங்கள் கீழ் வீட்டில் குடியிருக்கும் பெண்ணும் அதே லைனில்தான் தைக்கிறாள். மாடிப்படியில் பார்த்தபோது கேட்டேன்.

"ஆமாண்ணா, எனக்குந்தான். மூக்குல மொளகாப்பொடி போட்ட மாதிரி கீது. பேஜாரா போச்சு."

எனக்கு இதில் ஓர் ஆர்வமே வந்துவிட்டது. டிரம் வந்த நாள், யார் யாருக்குத் தலைவலி, எந்த மணியில் ஆரம்பிக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். பின்னால் ஒருநாள் தொழிற்சாலைப் பெண்களின் உடல்நிலை பற்றி எழுத உதவும் என்று நினைத்தேன். மற்ற ஆறு பேருக்கும் நாலைந்து நாளில் வலி விட்டுவிட்டது. நெடி பழகிவிட்டது என்றார்கள். மனைவிக்கு மட்டும் விடவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. அவள் மேசைதான் பசைக்கு மிகப் பக்கம்.

"சூப்பர்வைசர்கிட்ட சொல்லி மேசைய மாத்திக்க" என்றேன்.

மாற்றினார்கள். இருபத்துநாலாம் நாள் அவள் ஜன்னலோர மேசைக்குப் போனாள். இருபத்தாறாம் நாள், வெள்ளிக்கிழமை, தொழிற்சாலைக்குக் கிளம்பும் முன்பே தலைவலியோடு எழுந்தாள். குளியலறையில் வாந்தி எடுத்த சத்தம் கேட்டது. தொழிற்சாலை பஸ் ஏழு மணிக்கு வரும். போகாதே என்றேன். போனாள்.

இருபத்தெட்டாம் நாள் ஞாயிறு. தொழிற்சாலை விடுமுறை. பசை இல்லை, நெடி இல்லை, ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அவளுக்குத் தலைவலி இருந்தது. குழம்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் பாதியில் கத்தியை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்றைக்காவது நான் நின்று யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்ததோ வேறு. நெடி துணியில் தங்குகிறது, முடியில் தங்குகிறது. வேலைக்குப் போட்டுப் போகும் நீல மேலங்கியையும் வார நாட்களில் கட்டும் மூன்று புடவைகளையும் தனியாக ஊறவைத்து நானே துவைத்து மொட்டை மாடியில் காயப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டுக் கீழ் வீட்டுப் பெண், "எங்க வீட்டுக்காரரையும் ஒருநாள் உங்ககிட்ட அனுப்பறேண்ணா, கத்துக்கட்டும்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை கீழ் வீட்டுப் பெண்ணே மாடிக்கு வந்தாள். மனைவி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து தூக்கம்தான், அந்த வாரம் முழுக்க.

"அண்ணா, நான் சொன்னேன்னு அக்காகிட்ட சொல்லாதீங்க."

"சொல்லும்மா."

"அக்கா பாஸ் பண்ண பீஸ் மூணு பெட்டி திரும்பி வந்துடுச்சு. எல்லாம் ஒரே மாதிரி. வலது கால்ல குறை இருந்தா கரெக்டா அம்பு ஒட்டியிருக்காங்க. இடது கால்ல இவ்ளோ பெருசா தையல் வுட்டிருக்கு, அப்படியே பாஸ். அதுவும் இல்லாம, இடது கையில புடிச்ச பீஸு கீழ வுழுந்துட்டே கீது. குனிஞ்சு எடுக்கறாங்க, மறுபடி வுழுது."

"தூக்கக் கலக்கமா இருக்கும்."

"சூப்பர்வைசர் எல்லார் எதுர்லயும் கேட்டான், 'இன்னாம்மா, வலது ஷூக்கு மட்டுந்தான் சம்பளம் வாங்கறியா'ன்னு. அக்கா சிரிச்சிட்டு நிக்கறாங்க. அண்ணா, அக்கா சிரிக்கிற ஆளா? அவன் ஒண்ணு சொன்னா ஒம்போது திருப்பிக் குடுக்கற ஆளு."

அவள் இறங்கிப் போன பிறகு நான் படுக்கையறை வாசலில் போய் நின்றேன். மனைவி வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மூச்சு சீராக இருந்தது. எழுப்பலாமா என்று யோசித்தேன். எழுப்பி என்ன கேட்பது என்று தெரியவில்லை. அதுவரை எனக்கு இருந்தது கவலை. அன்று முதல்முறையாகப் பயம் வந்தது.

மறுநாள், முப்பத்தொன்றாம் நாள், கல்லூரியில் அனுமதி கேட்டு முன்னதாகக் கிளம்பி அவள் பஸ் வந்து நிற்கும் இடத்துக்குப் போனேன். மாலை ஆறரை. இன்னும் வெளிச்சம் இருந்தது. பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். அவள் கம்பியை வலது கையால் இறுக்கிப் பிடித்து இறங்கி, என்னைப் பார்த்துவிட்டு நடந்து வந்தாள். வலது காலில் செருப்பு. இடது கால் வெறுங்கால்.

"இன்னொண்ணு எங்க?"

"இன்னாது?"

"செருப்பு."

குனிந்து பார்த்தாள். முதலில் வலது காலைத்தான் பார்த்தாள். "இதோ கீதே" என்றாள். நான் இடது காலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதம் முழுக்க மண். குதிகாலில் கல் கீறி ரத்தம் வந்து காய்ந்திருந்தது.

"பார்றா" என்றாள். "ஷூ கம்பெனில வேல செஞ்சிட்டு வெறுங்காலோட வர்றேன்."

இறங்கி வந்த பெண்கள் சிரித்தார்கள். கீழ் வீட்டுப் பெண் சிரிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

அடுத்த நாள் காலை வேலூருக்குப் போனோம். கார் பட்டறையிலிருந்து வந்துவிட்டிருந்தது. எடுக்கக் கை வரவில்லை. வாடகை வண்டி பிடித்துக்கொண்டோம். மருத்துவமனையில் எங்கள் முறை வர பதினொன்றரை ஆனது. இளம் வயது டாக்டர் அம்மா, முகத்தில் சோர்வு தெரிந்தாலும் பொறுமையாகக் கேட்டார்.

"கடைசி ரெண்டு மூணு மாசத்துல தலையில எதாவது அடி பட்டுச்சா?"

"இல்லம்மா" என்றாள் மனைவி.

"இல்ல" என்றேன் நான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். பொய் சொல்லவில்லை. எங்களுக்கு அடி என்றால் ரத்தம், தையல், கட்டு. அவளிடம் சுத்தமான உள்ளங்கை இருந்தது. என்னிடம் கோடு போட்டு முடித்த பக்கம் இருந்தது.

பிறகு நான் சொல்யூஷன் விஷயத்தை விவரமாகச் சொன்னேன். டிரம் வந்த நாள், ஆறு பெண்கள், மேசை மாற்றியது, துணி துவைத்தது. டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு மனைவியிடம் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்.

நீட்டினாள். வலது கை அப்படியே நின்றது. இடது கை மெதுவாக உள்பக்கம் திரும்பிக் கீழே இறங்கியது. முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இரண்டு கையும் நேராக நிற்பதாகவே நம்பிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சில நொடிகளைப் போல என் வாழ்க்கையில் எதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை.

டாக்டர் மறுபடி கேட்டார், இந்த முறை ஒவ்வொன்றாக. "கீழ விழுந்தீங்களா? கதவுல, அலமாரில முட்டிக்கிட்டீங்களா? பஸ்ல, வண்டியில எங்கயாவது…"

"கார்ல ஒருதடவ" என்றேன். "பின்னாடி லாரி இடிச்சது. ஆனா அது ஆச்சு, முப்பத்திரண்டு நாள். ரத்தம் கூட வரல."

"வெளிய வரல" என்றார் டாக்டர். எழுதுவதை நிறுத்திவிட்டார். "எத்தன நாள்னு சொன்னீங்க?"

"முப்பத்திரண்டு."

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதாவது சாப்பிடறாங்களா?"

இரண்டு வருடமாக இதயத்துக்காக அப்படி ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள். சொன்னேன். டாக்டர் எழுந்து நின்றே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். அவர் உட்காராமல் எழுதியதிலிருந்து எனக்கு விஷயம் புரிந்தது.

ஸ்கேனில் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே, வலது பக்கத்தில், பிறை மாதிரி ஒன்று இருந்தது. மோதிய அன்று மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று கசிய ஆரம்பித்திருக்கிறது. நாள்கணக்கில், வாரக்கணக்கில் சேர்ந்த ரத்தம் மூளையை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. வலது பக்கம் அழுத்தினால் இடது கையும் காலும் தளரும், இடது பக்கம் இருப்பதே கவனத்தில் நிற்காது என்று விளக்கினார்கள். "மூணு நாலு வாரம் கழிச்சுத் தெரியறதுதான் இதோட வழக்கம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா தூக்கத்துலேர்ந்து எழுப்பியிருக்க முடியாது" என்றார் அறுவை சிகிச்சை டாக்டர். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மண்டையில் இரண்டு சின்னத் துளை போட்டு ரத்தத்தை வடிப்பார்கள். ஒன்றரை மணி நேரம் என்றார்கள். கீழ் வீட்டுப் பெண் விடுப்பு போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் பிரேக் அடிச்சேன்" என்றேன்.

"அடிக்காம வுட்டிருந்தா பைக்குக்காரன் செத்திருப்பான்."

"தலையில இடிச்ச சத்தம் கேட்டுச்சும்மா எனக்கு."

"எனக்குந்தான் பீஸ் வுழுந்த சத்தம் ஒரு வாரமா கேட்டுது. அக்காக்கு கை வழுக்குதுன்னு நெனச்சேன்" என்றாள்.

ஒன்றரை மணி நேரம் இரண்டரை மணி நேரமானது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தேன். வேறு யாருக்கோ, வேறு யாருக்கோ. எத்தனையோ புத்தகங்களில் காத்திருப்பதைப் பற்றிப் படித்திருக்கிறேன். அங்கே ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உள்ளங்கையை மேலே காட்டி என் இடது கையை நீட்டி, இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்தவர் நான் எதையோ கேட்கிறேன் என்று நினைத்துத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மாலை நாலு மணிக்கு என்னை உள்ளே விட்டார்கள். தலையில் வெள்ளைக் கட்டு, பக்கத்தில் ஒரு குழாய், அதன் முனையில் தொங்கும் பையில் கறுத்த திரவம். டிக்காஷன் நிறம். முப்பத்து மூன்று நாளாக அவளுக்குள் இருந்தது அது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

நர்ஸ் அவள் இடது கைக்குள் என் விரல்களை வைத்தார். "அழுத்துங்கம்மா."

அழுத்தினாள். வலுவில்லாமல்தான், ஆனால் அழுத்தினாள்.

"முடி எல்லாம் எடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். குழறலான குரல்.

"ஆமா."

"எந்த சாமிக்குன்னு சொல்லி எடுத்தீங்க?"

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. "ஒன்பது திருப்பிக் கொடுக்கிற ஆள்" திரும்பி வந்துவிட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. வெளியே போய்க் கீழ் வீட்டுப் பெண்ணிடம் அதை அப்படியே சொன்னேன். அவள்தான் அழுதாள்.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் அம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். சிலருக்கு அது மறுபடி சேரும். தலைவலி, வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், கை கால் தளர்ச்சி, எது வந்தாலும் உடனே வர வேண்டும். நிறுத்தியிருக்கும் இதய மாத்திரையை எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்று பிறகு சொல்வார்கள். தொழிற்சாலைக்கு இரண்டு மாதமாவது போகக் கூடாது.

வீட்டில் நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டம்ளரை எந்தக் கையில் எடுக்கிறாள், படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறாள், பேசும்போது வாய் ஒரு பக்கம் போகிறதா என்றெல்லாம் பார்த்தேன். "பூச்சி புடிக்கற பல்லி மாதிரி பாக்காதீங்க" என்றாள். பார்க்காத மாதிரி பார்க்கப் பழகிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் காலை, இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "தல வலிக்குது."

என் வாய் தானாகத் திறந்தது. "நேத்து சரியா தூங்கல நீ. அதுவும் இல்லாம வெயில்ல போய் மாடியில…"

அவள் கையைத் தூக்கினாள். இடது கையை. அது நேராக நின்றது.

"காரணம் சொல்லாதீங்க" என்றாள். கோபம் இல்லாமல், மெதுவாகத்தான் சொன்னாள். "போன தடவயும் நான் வலிக்குதுன்னுதான் சொன்னேன். நானும் சொல்யூஷன்னு சொன்னேன், இல்லன்னு சொல்லல. ஆனா நான் ஒரு வார்த்த சொன்னதுக்கு நீங்க ரெண்டு வாரத்துக்குக் காரணம் கண்டுபுடிச்சுக் குடுத்தீங்க. மேச, துணி, முடி. எனக்கும் நம்பிக்க வந்துடுச்சு. இனிமே வலிக்குதுன்னா வலிக்குதுன்னு மட்டும் கேட்டுக்குங்க."

வண்டி சொன்னேன். வேலூருக்குப் போய் மறுபடி ஸ்கேன் எடுத்தோம். மெல்லிசாகக் கொஞ்சம் நீர் இருக்கிறது, அது எதிர்பார்த்ததுதான், புது ரத்தம் இல்லை, ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. ஒன்பது நாள் பாக்கி.

இன்று காலை பத்து மணிக்கு மறுபடி சொன்னாள். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "லேசா வலிக்குது. அர மணி நேரம் பாக்கலாம். கம்மியாவலன்னா போலாம்."

"சரி" என்றேன்.

ஸ்கேன் படங்களும் சீட்டுகளும் இருக்கும் துணிப்பையை எடுத்து வந்து கதவோரம் வைத்தேன். எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். காலையில் அவள் காபி குடிக்காதது, பக்கத்து மனையில் கான்கிரீட் இயந்திரம் போடும் சத்தம், அவளுடைய புது மூக்குக்கண்ணாடி என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றையும் சொல்லவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாளா, ஓய்வெடுக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டு முறை கூப்பிட நினைத்தேன்.

பத்து இருபத்தைந்துக்குக் கண்ணைத் திறந்தாள்.

"போய்டுச்சு."

"சரி."

எழுந்து, கதவு நிலையைப் பிடிக்காமல் சமையலறைக்கு நடந்து போனாள். பையை உள்ளே எடுத்து வைக்கலாமா என்று யோசித்தேன். அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.